குவைத் குளிசை

அப்பாவுக்குப் பல் வலித்தால் எங்கள் வீட்டில் முதலில் உடைவது பீங்கான். அடுத்தது உட்காருகிற கதிரை. அதற்கடுத்தது அம்மா. சின்ன வயதிலிருந்தே பார்த்த வரிசை என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பல் வலிக்காத நாட்களிலும் அவர் அடித்தவர்தான். அப்போது சாராயம், உப்பு, சம்பளம் என்று காரணம் மட்டும் வேறாக இருக்கும்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியில் மூட்டை தூக்குகிறவர் அவர். வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுதும் அவருக்குப் பயப்படும். அவரோ பல் பிடுங்கும் குறட்டுக்குப் பயப்படுவார். கீழே ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் இருந்தார், போனால் பிடுங்கி விடுவார். "ஊசி போட்டா வாய் கோணிக்கும்" என்று சாராயத் தவறணையில் எவனோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சிங்கம் தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தது. நான் அப்போது மாத்தளை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். கடைப் பிள்ளைகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்ததால் வீட்டுச் செய்தியெல்லாம் அம்மா போனில் கிசுகிசுக்கும் குரலில்தான் வரும்.

அந்த முறை கடைவாய்ப் பல். கன்னம் வீங்கிவிட்டது. அம்மா பஜாருக்கு இறங்கிப் போய் பாமசியில் குளிசை வாங்கி வந்தாள். எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கிற வெள்ளைக் குளிசை எந்தக் கம்பெனியுடையதானாலும் பனடோல்தான். பாமசிக்காரர் அவளிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகவே கூடாது, போனால் ஈரல் பழுதாகும், குடிக்கிற ஆள் என்றால் அதையும் குறைக்க வேண்டும் என்று. அம்மா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அட்டையை ரவிக்கைக்குள் செருகி வைத்துக்கொண்டு, மணி பார்த்து, எட்டுக்கும் குறைவாகவே எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குத்தான் அடி விழுந்தது. வலி திரும்பியதும் அவர் இன்னும் கேட்பார், இவள் மாட்டேன் என்பாள். "புருசன் சாகக் கெடக்கான், குளிசைய மாருல ஒளிச்சு வச்சிருக்கா" என்று கத்திக்கொண்டு விறகுக் கட்டையால் முழங்கையில் போட்டார். முழங்கை தாடையைவிடப் பெரிதாக வீங்கியது. அப்போதும் அவள் அட்டையைக் கொடுக்கவில்லை. எனக்கு இதைச் சொல்லும்போது பெருமையாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது.

அம்மாவிடம் கிடைக்காத கோபத்தில் அவர் நேரே பக்கத்து வீட்டுக் காம்பிராவுக்குப் போனார். அங்கே இருந்தது அவருடைய அக்கா, என் அத்தை. பல வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். எங்கள் லயங்களில் வெளிநாடு போய் வந்த பெண்தான் பாதி டாக்டர். சூட்கேசில் தைலம், களிம்பு, குளிசைப் பெட்டி எல்லாம் இருக்கும். யாருக்கு முடியாவிட்டாலும் அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டிய துண்டில் பேரும் இருக்காது, ஒன்றும் இருக்காது. குவைத் குளிசை என்று சொன்னால் போதும், கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிப் போவார்கள்.

அத்தையும் அம்மாவும் பேசிப் பல வருடமாகிறது. நான் பெரியவளானபோது தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றுகிற உரிமை அத்தைக்குரியது. அவர் குவைத்தில் இருந்தார், வேறொருவரை வைத்து அம்மா ஊற்றிவிட்டாள். அவ்வளவுதான். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு, ஒருத்தி இருமினால் மற்றவள் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

ஆகவே அத்தை கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாது. அத்தை மட்டும் என்ன, அள்ளியா கொடுத்தார்? அவரும் குவைத்தில் பழகிய கணக்குப்படி இரண்டிரண்டாகத்தான் கொடுத்தார். "பனடோல்லாம் தண்ணி தம்பி. இது அரபிக்காரன் மருந்து, வேற சாதி" என்று சொல்லிக் கொடுத்தார். அப்பாவுக்கு இரண்டு வீட்டு மருந்து, மேலே சாராயம். மெல்ல முடியாததால் சோறும் உள்ளே போகவில்லை. நாட்கள் இப்படியே போயின.

பௌர்ணமிப் போயா லீவுக்கு நான் வீட்டுக்கு வந்த காலையில் அப்பா குடம் குடமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டு உருண்டார். அம்மா வீங்கிய கையோடு சட்டியை ஏந்திக்கொண்டிருந்தாள். வாசலில் அத்தை வந்து நின்று பார்த்தார். பார்த்ததும் லயமே அதிரக் கத்தினார்.

"எந்தம்பிக்கு என்னாத்தடி கரச்சுக் குடுத்த?"

அப்பா அம்மாவை அடித்த சத்தத்துக்கு ஒரு நாளும் திறக்காத கதவுகள் எல்லாம் அவர் வாந்தி எடுத்ததற்குத் திறந்தன. அவ்வளவு அடி வாங்கினவள் நஞ்சு வைத்திருப்பாள் என்று நம்ப யாருக்கும் கஷ்டமாக இருக்கவில்லை. "புல்லுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் இருக்கான்னு பாருங்க" என்று ஒரு குரல். இரண்டு பேர் எங்கள் அடுப்படிக்குள் புகுந்து சாமான்களை இழுத்துப் போட்டார்கள். அத்தை அம்மாவின் கொண்டையைப் பிடித்துக் கதவு நிலையில் இடித்தார். ஒரு தடவை, மறு தடவை. நெற்றி கிழிந்து இரத்தம் வந்தது. நான் அத்தையின் விரலைப் பிடித்துப் பின்பக்கம் வளைத்தேன். அவர் அலறி விடும்வரை வளைத்தேன். இன்றைக்கும் அதற்கு எனக்கு வருத்தம் இல்லை.

த்ரீவீலில் அப்பாவை நடுவில் போட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அத்தை, டிரைவரோடு ஒட்டிக்கொண்டு நான். வழியில் அப்பா முனகினார். "அக்கா, ஒன் குளிசையில ஒன்னு குடு." அத்தை அவர் வாயைப் பொத்தி, "சும்மா படுடா" என்றார். அந்த அவசரத்தில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வார்டில் டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சிங்களத்தில் கேட்டார், என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று. அம்மா வாயைத் திறக்கும் முன் அத்தை, "வஹ துன்னா" என்றார். நஞ்சு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். நஞ்சு என்றால் ஆஸ்பத்திரி பொலிசுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பொலிஸ்காரர் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அம்மா ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்து, எந்த நேரம் எத்தனை என்று ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். இந்த அளவு ஒரு ஆளை இப்படி ஆக்காது, வேறு என்ன போனது என்று தெரிய வேண்டும், இந்த மருந்துதான் கூடிவிட்டது என்றால் ஈரலைக் காக்க மாற்று மருந்து இருக்கிறது, நேரம் போகப் போக அது பலிக்காது, வேறு நஞ்சு என்றால் வைத்தியமே வேறு என்றார். பொலிஸ்காரர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். அத்தை சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் வழியில் அப்பா முனகியது என் மண்டையில் ஏறியது. நான் அத்தையின் கைப்பையைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. என் கையைப் பிறாண்டினார். நான் அவரைச் சுவரோடு வைத்துத் தள்ளி இழுத்ததில் பையின் வார் அறுந்து, சீப்பும் தைலமும் குளிசைப் பெட்டியும் தரையில் சிதறின. பெட்டியின் ஒரு பக்கம் முழுக்க அரபு. மறு பக்கம் இங்கிலீஷில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு பேர் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் பரசிட்டமோல் 500 என்று இருந்தது. அம்மாவின் அட்டையிலும் மேலே ஏதோ ஒரு கம்பெனிப் பேர், கீழே அதே பொடி எழுத்து.

இரண்டையும் சேர்த்து அத்தையின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனாலும் ஒரே மாதிரி எழுத்து என்று கண்ணுக்குத் தெரியாதா?

"பாருங்க அத்தே. மேல உள்ள பேருதான் வேற. உள்ள ஒரே மருந்து. அம்மா குடுத்ததும் இதுதான், நீங்க குடுத்ததும் இதுதான்."

"இது அரபிக்காரன் மருந்து புள்ள..."

"அரபிக்காரனுக்கும் நமக்கும் ஈரல் ஒன்னுதான். எத்தன குடுத்தீங்கன்னு சொல்லுங்க. சொன்னா அப்பா பொழைப்பாரு. சொல்லாட்டி அப்பா மண்ணுக்குப் போவாரு, அம்மா ஜெயிலுக்குப் போகும்."

அத்தை பொலிஸ்காரரைப் பார்த்தார். பயம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சற்று முன் அவரே வாயால் சொன்ன நஞ்சு இப்போது அவர் பக்கம் திரும்பிவிட்டது. கட்டிலில் அப்பா மறுபடி வாந்தி எடுத்தார், அதில் இரத்தக் கோடு இருந்தது. அத்தை தலையில் அடித்துக்கொண்டார், மோதிரம் பட்டு நெற்றி வீங்குமளவுக்கு அடித்துக்கொண்டார். பிறகு டாக்டரின் முன்னால் போய் நின்று, "மம துன்னா" என்றார். நான் கொடுத்தேன் என்று.

ஆனால் அவருக்கு நேரம் நினைவில்லை. உளறினார். நெற்றியில் இரத்தம் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"நேத்து வேலை விட்டு நான் வரும்போது அவரு ஒங்க காம்பிராவுல இருந்தாரு. அப்ப குடுத்தீங்களா அண்ணி?"

"ஆமா. வெளக்கு வச்சதுக்குப் பொறகும் ஒருக்கா."

"அப்ப அதுக்கும் இதுக்கும் நடுவுல நானும் குடுத்திருக்கேன்."

பல வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். ஒருத்தி சொல்ல மற்றவள் திருத்த, மூன்று நாள் கணக்கையும் இருவருமாகச் சேர்த்துச் சொன்னார்கள். டாக்டர் எழுதிக்கொண்டே அந்த மாற்று மருந்தைச் சேலைனோடு ஏற்றச் சொன்னார். பொலிஸ்காரர் வார்டை விட்டு வெளியே போனார்.

அப்பா கண்கள் மஞ்சளாகி, ஒரு கட்டத்தில் என்னையே யாரென்று கேட்டு, பிறகு மெல்லத் தேறினார். அந்தச் சனியன் பிடித்த பல்லையும் ஆஸ்பத்திரியிலேயே பிடுங்கினார்கள். வாய் கோணவில்லை. சிங்கம் மட்டும் கோவென்று அழுதது. வெளியேறும்போது அந்த டாக்டர் எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்து, பெட்டியில் பெரிதாக இருக்கும் பேரைப் பார்க்காதீர்கள், கீழே சின்னதாக இருக்கும் மருந்தின் பேரைப் பாருங்கள், தெரியாவிட்டால் பாமசியில் காட்டிக் கேளுங்கள், அட்டையை வெட்டாதீர்கள் என்றார். சளி தடிமனுக்கு விற்கிற குளிசைகளிலும் இதே மருந்து கலந்திருக்கலாம் என்றார். அத்தை அதைக் கேட்டு ஒரு சின்னப் பிள்ளையைப் போலத் தலையாட்டினார். அம்மாவிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அது அந்த வம்சத்திலேயே கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா குடிக்கவில்லை. பல்லும் இல்லை, வலியும் இல்லை. செத்துப் பிழைத்த ஆள், இனி அடங்குவார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். நான் நம்பவில்லை.

அடுத்த போயாவுக்கு நான் வந்திருந்தபோது, மத்தியானம் பருப்பில் உப்புக் கூடிவிட்டது. பீங்கான் சுவரில் போய் விழுந்தது. அவர் எழுந்து, இன்னும் நிமிராத அந்தக் கையைப் பிடித்து அம்மாவை இழுத்து, மறு கையை ஓங்கினார். நான் பாய்வதற்குள் வாசலில் அத்தை நின்றார். உள்ளே வந்து அம்மாவைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, தம்பியின் முகத்துக்கு நேரே நின்றார். கத்தவில்லை.

"அடி. நல்லா அடிச்சுக்க. ஆனா அடுத்த தடவ நீ ஆஸ்பத்திரியில கெடந்து, என்னாத்த முழுங்கினான்னு அந்த டாக்டர் கேட்டா, நானும் வாய் தொறக்க மாட்டேன், இவளையும் தொறக்க விட மாட்டேன்."