செல்வி குனியமாட்டாள்

கையிலிருந்து எது நழுவினாலும் ஆரோக்கியசெல்வி குனிந்து எடுப்பதில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, முட்டி இரண்டையும் மடக்கித் தரைவரை இறங்கி, எடுத்துக்கொண்டு அப்படியே எழுவாள். சீப்பு, சாவி, பேருந்துச் சீட்டு, எதுவானாலும் இதே முறைதான். வீடு கூட்டுவதற்குக்கூட நீளக் குச்சியில் கட்டிய துடைப்பம் வைத்திருக்கிறாள். திண்டிவனத்துப் பள்ளிகளுக்கு ஆண்டுவிழா ஆட்டம் சொல்லிக்கொடுக்கப் போனால், பிள்ளைகள் வேண்டுமென்றே அவள் விசிலைத் தட்டிவிட்டு, "மிஸ், லிஃப்டு எறங்குது!" என்று கத்துவார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் குனியமாட்டாள்.

அவள் அம்மா லூர்தம்மாள் மயிலம் பக்கத்துக் கழனிகளில் நடவுக்குப் போகிறவள். நட்டு நட்டு இடுப்பு மடிந்தது மடிந்ததுதான். கோயிலில் சிலுவை போடும்போதுகூட முகம் தரையைத்தான் பார்க்கும். செல்வியும் பள்ளி விடுமுறைகளில் அந்தச் சேற்றில் நின்றவளே. பத்தாவது முடித்த வருடம் கரையேறி வந்து, "இனிமே நான் குனியமாட்டேன்க்கா" என்று புனிதாவிடம் சொன்னாள். புனிதா அவளுடைய அக்கா, தையல்காரி. "சொல்லிக்கினே இரு. துணிய யாரு தொவைப்பா, உங்க மாமியாரா?" என்று கேலி செய்தாலும், தங்கைக்கு முதல் ஆட்ட உடுப்பைத் தைத்தவள் அவள்தான். செல்வியின் உடுப்புக்கு மட்டும் உள்தையல் இரண்டு ஓட்டுவாள். அளவு கொடுக்க வருகிற பெண்களிடமெல்லாம், "எந் தங்கச்சி முதுகு மாதிரி நேரான முதுக நான் தச்சதே இல்ல" என்பாள்.

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். அப்படியொரு திண்டிவனம் மண்டபத்தைப் புதுச்சேரி நடனக் குழு ஒன்று ஒத்திகைக்குப் பிடித்தது. ஒரே மாலையில் இரண்டு நடனங்கள்: ஒன்றை அமைத்தவர் செனகல் நாட்டு மூசா, மற்றதை அமைத்தவர் ஃபின்லாந்து நாட்டு ஈவா. இரண்டிலும் ஆடுகிறவர்கள் அதே ஆட்கள்தான். செல்வியும் தேர்வானாள். விழுப்புரத்தில் ஆடிக்காட்டியபின், வெளிநாட்டு விழாக்காரர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் அழைத்துப் போவார்கள் என்று ஏற்பாடு.

மூசாவின் நடனம் முழுக்கத் தாவல். கடைசித் தாவல் செல்விக்கு மட்டும். ஒத்திகை முடிந்து வந்த முதல் நாள் சாப்பிடக்கூட உட்காராமல் சொன்னாள்: "மேல போறேன் இல்லக்கா, அங்க ஒரு செகண்டு நிக்கிறேன். அந்த நேரத்துல என்னை யாரும் எந்த வேலைக்கும் கூப்புட முடியாது."

ஈவாவுக்குத்தான் தன் நடனத்தை எப்படி அமைப்பதென்று பிடிபடவில்லை. அந்தச் சமயத்தில் ஒருநாள் மழை. மண்டபத்துக் கூரை ஒழுகிக் கூடத்தில் தண்ணீர் நின்றது. கூட ஆடும் கலைப்பிரியாவின் பாசிமணி மாலை அறுந்து தண்ணீரில் சிதறியது. உட்கார்ந்தால் உடுப்பு நனையும். கணுக்காலில் தண்ணீர் பட்டதும் செல்வியின் உடம்பு அவளைக் கேட்கவில்லை. காலை நேராக வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து, ஒவ்வொரு மணியாக எடுத்தபடி பின்னால் நகர்ந்தாள்.

"ஏன் செல்வி ரிவர்ஸ்ல போய்க்கினு பொறுக்குற? நாத்து நட்ற மாதிரி!" என்று குழுவில் ஆடும் கோகுலகிருஷ்ணன் சிரித்தான்.

ஈவா சிரிக்கவில்லை. அப்படியே இருக்கும்படி கைகாட்டினார். மறுநாள் முதல் எல்லோரும் குனிந்து பின்னால் நடந்தார்கள். செல்வி நடுவில்.

"வேற எதுனா குடுங்க மேடம்" என்று செல்வி கெஞ்சிப் பார்த்தாள். ஈவா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க என்னென்னவோ சொன்னார். அதில் 'பியூட்டிஃபுல்' மட்டும் செல்விக்குப் புரிந்தது. இதை விட்டால் மூசாவின் நடனமும் போய்விடும். தாவலுக்காகக் குனிந்தாள். விழாக்காரர்கள் தாவலைத்தான் எடுப்பார்கள் என்று அக்காவும் தங்கையும் தினமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

விழுப்புரத்துக்கு அம்மாவைப் புனிதா அழைத்து வந்தாள். முதலில் மூசாவின் நடனம். செல்வி தாவியபோது லூர்தம்மாள், "மாதாவே, உழுந்துறப் போறா" என்று புனிதாவின் கையை இறுக்கினாள். கைதட்டல் அங்கங்கே கேட்டது. புனிதா உள்ளங்கை எரியத் தட்டினாள்.

அடுத்து ஈவாவுடையது. லூர்தம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத்தக் கத்துக்கவாடி இம்மாம் நாளு அலைஞ்சா? எங்கூட வந்திருந்தா மத்தியானம் சோறாவது போட்டிருப்பாங்க" என்றாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மேடையில் செல்வியின் இடது கை மெல்லப் பின்னால் போய் இடுப்பில் அமர்ந்தது. யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. லூர்தம்மாள் வலிக்குத் தன் இடுப்பில் வைத்திருந்த இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. விழாக்காரர்கள் ஈவாவின் நடனத்தை எடுத்துக்கொண்டார்கள். மூசா வந்து செல்வியின் தோளைத் தட்டிவிட்டுத் தன் பெட்டியைக் கட்டப் போனார்.

ஒப்பனை அறையில் செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருக்கு இட்டுகினு போறாங்களாம்?" என்று அம்மா கேட்டாள்.

"நெறைய ஊரு. பேரெல்லாம் வாயில நுழையலம்மா."

"அங்கயும் இதேதானா?"

"இதேதாம்மா."

"முடியாதுன்னு சொல்லிடுடி" என்றாள் புனிதா.

"சொல்லிட்டு? ஆண்டுவிழா தையிலதான்க்கா. அதுவரைக்கும் அம்மாகூட நடவுக்குத்தான் போவணும்."

லூர்தம்மாளின் மடியிலிருந்து இடுப்புவலி மாத்திரை அட்டை நழுவித் தரையில் விழுந்தது. தங்கை உட்கார்ந்து எடுப்பதற்கு இடம் வேண்டுமென்று புனிதா வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். செல்வியின் முட்டி மடங்கவில்லை. கால் இரண்டும் நேராக நிற்க, இடுப்பிலிருந்து குனிந்து அட்டையை எடுத்தாள். எடுத்தபிறகும் நிமிராமல், ஓரடி பின்னால் வைத்தாள்.