கடல் கேட்டவனுக்குக் கல்லில் ஒரு கடவுள்

கோபன்ஹேகனின் பழைய வீதிகளுக்கு உள்ளே, ஒரு மாளிகையின் பின்முற்றத்தில், அந்த நீரூற்று இருக்கிறது. ஊர்க்காரரிலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது. பரோக் காலத்து வேலை என்பார்கள். கல்லில் ஒரு கடல் தேவன், தாடியும் தொப்பையுமாக. காலடியில் பல்லைக் காட்டும் மீன்கள். சுற்றிவரக் கன்னம் உப்பிய குழந்தைகள். அழகில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் நடுவில் நானும் கணவரும் நகரத்துக்கு வெளியே ஓர் அகதி முகாமில் இருந்தோம். அங்கிருந்த தமிழரில் ஆங்கிலம் ஓரளவு பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யாருக்குப் பல் வலித்தாலும், யாருடைய காலுக்குச் சப்பாத்து அளவில்லாமல் போனாலும், என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள்.

பக்கத்து அறையில் ஒரு தம்பி இருந்தான். முப்பது வயது, அடர்ந்த மீசை, அளந்து பேசுகிற ஆள். வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. இங்கே வரும் வழியில் அவன் கிழக்கு பேர்லினில் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் தகப்பன் செத்துப்போனார். கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். செய்தி இவனுக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. ஆண்டுத் திவசமும் அவன் இல்லாமலே போயிற்று. தாய் கேட்டது ஒரேயொரு காரியம். ஆடி அமாவாசைக்காவது கடலில் முழுகி, உன் கையால் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடு என்று கேட்டிருந்தாள். ஊரில் என்றால் கீரிமலைக் கடலுக்குப் போவோம். இங்கே நாலு பக்கமும் கடல் என்று மகனே எழுதியிருந்தான். இதுகூட முடியாதா என்று அவள் நினைத்ததில் என்ன பிழை?

முகாமுக்கு உதவி செய்ய வந்துபோகும் டெனிஷ் அம்மையார் ஒருவர், சரியாக அந்த நாளில்தான் எங்களை நகரம் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொன்னார். எங்களிடம் பஸ்ஸுக்குக் காசும் இல்லை, வழியும் தெரியாது. நான் போய் அவரிடம் காரணத்தோடு கேட்டேன். செத்த தகப்பனுக்குச் செய்யும் கடமை, வருடத்தில் ஒரு நாள்தான், கடற்கரையில் கால்மணி நேரம் போதும் என்றேன். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அழகான வழக்கம் என்றார். கட்டாயம் கடலுக்குப் போவோம் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

அன்று காலை தம்பி முழுகி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நின்றான். கையில் ஒரு கடதாசிப் பொட்டலம். பிரித்துப் பார்த்தேன். எள் அல்ல, கசகசா. காலைச் சாப்பாட்டுக் கோதுமைப் பாணின் மேலே தூவியிருக்கும் கறுப்பு விதைகளை ஒரு கிழமையாகச் சுரண்டிச் சேர்த்திருக்கிறான். இது எள்ளில்லையே தம்பி என்றேன்.

“தெரியும் அக்கா. கறுப்பாச் சின்னனா இருக்குத்தானே. அப்பாவுக்குக் கடைசிக் காலத்திலை கண்ணும் வடிவாத் தெரியேல்லை. சமாளிச்சுக்கொள்ளுவார்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் கடலுக்குப் போகவில்லை. அந்த மாளிகை வாசலில் போய் நின்றது. இந்த முற்றம் பொதுவாகப் பூட்டியிருக்குமாம். எங்களுக்காகத் திறக்கச் சொல்லி அம்மையார் யார் யாரையோ பிடித்து அனுமதி வாங்கியிருக்கிறார். பத்திரிகைக்காரர் ஒருவரையும் வரச்சொல்லியிருக்கிறார். கடல் என்னாயிற்று என்று கேட்டேன். நேரமில்லை, அடுத்த கிழமை பார்ப்போம் என்றார். அடுத்த கிழமை அமாவாசை இல்லை என்றேன். அதற்கு அவர் முகமெல்லாம் மலரச் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“நீங்கள் கடல்தானே கேட்டீர்கள்? நான் கடலின் கடவுளையே காட்டுகிறேன்.”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. துறைமுகம் அங்கிருந்து பத்து நிமிட நடை. தலைக்கு மேலே கடற்பறவைகள் கத்துவது கேட்கிறது. அப்படியென்றால் இந்த ஒருவரையாவது விடுங்கள் என்றேன். முடியாதாம். எல்லோருக்கும் தானே பொறுப்பாம். ஒருவர் குறைந்தாலும் முகாமில் கேள்வி வருமாம்.

தம்பிக்குச் சொன்னேன். அவன் கோபப்படவேயில்லை. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

“நான் ஓடமாட்டன் எண்டு சொல்லுங்கோ அக்கா. என்ர சப்பாத்தை வேணுமெண்டால் அவ வைச்சிருக்கட்டும்.”

நான் அதையும் மொழிபெயர்த்தேன். அம்மையார் அதைப் பகிடியென்று நினைத்து, அவன் தோளில் தட்டிச் சிரித்தார். பிறகு விளக்கம் தொடங்கியது. எந்த அரசன் காலம், எந்த நாட்டுச் சிற்பி, இந்தக் கலையில் எல்லாமே ஏன் கொஞ்சம் மிகையாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னேன். தொட்டியில் தண்ணீரே இல்லை. அடியில் வாடிய இலைகளும் நாலைந்து சில்லறைக் காசுகளும் கிடந்தன. இடையில் பன்றி ஈரல் பூசிய பாண் கொடுத்தார்கள். தம்பி வேண்டாமென்று கைகூப்பினான். ஊட்டிவிடாத குறையாக அம்மையார் அவனை வற்புறுத்தினார். நான் நடுவில் புகுந்து அந்தத் தட்டைப் பறித்து மதிலில் வைத்தேன். என் கணவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். எங்களுக்குச் சோறு போடுகிற சனத்தோடு சண்டை பிடிக்காதே என்று கிசுகிசுத்தார். நான் பார்த்த பார்வையில் அவர் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பன்னிரண்டு மணிக்குக் காவலாளி வந்து எங்கேயோ ஒரு திருகைத் திருகினார். மீன்களின் வாயிலிருந்து முதலில் காற்று வந்தது, பிறகு பழுப்பு நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிந்த தண்ணீர். எல்லோரும் கைதட்டினார்கள்.

தம்பி சப்பாத்தைக் கழற்றினான். என்னிடம் தெற்கு எது என்று கேட்டான். உச்சி வெயில் நின்ற பக்கத்தைக் காட்டினேன். அவன் தொட்டி விளிம்பில் ஏறி, சட்டையோடு தலையை ஒரு மீனின் வாய்க்குக் கீழே கொடுத்தான். பிறகு தெற்கே திரும்பி, பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு கையிலும் தண்ணீர் ஏந்தி, தகப்பன் பெயரைச் சொல்லி, விரலிடுக்கால் விட்டான். மூன்று தரம். மீசையிலிருந்து வழிந்தது தண்ணீர் மட்டும் இல்லை. பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பத்திரிகைக்காரர் முழங்காலிட்டுப் படம் எடுத்தார். எங்கள் ஆட்களில் ஒருவர், மானம் போச்சு என்றார். யாருடைய மானம் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

படம் பத்திரிகையில் வந்தது. நனைந்த தலையும் ஏந்திய கைகளும் தெளிவாக இருந்தன. கீழே இருந்த டெனிஷ் வரியை அகராதி வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். வெயிலில் களைத்த அகதி ஒருவர் தாகம் தணிக்கிறார் என்றிருந்தது. விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவனைப் பற்றி! கிழித்துப்போடப் போனேன். தம்பி வாங்கிக்கொண்டான். கீழே இருந்த வரியைக் கத்தரித்துவிட்டு, படத்தை மட்டும் தாய்க்கு அனுப்பினான்.

சில மாதங்களில் தாயின் குரல் கசெற்றில் வந்தது. நாங்கள் மூன்று பேரும் கட்டிலில் இருந்து கேட்டோம்.

“படம் கிடைச்சுதடா ராசா. அப்பாவுக்குத் தண்ணி போய்ச் சேர்ந்திட்டுது, எனக்கு இனி ஒரு குறையுமில்லை. அந்த இடத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போன ஆளுக்கு நான் கும்பிட்டனான் எண்டு சொல்லு.”

தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் வராது. நான்தான் சொல்லவேண்டும்.

அடுத்த முறை அம்மையார் வந்தபோது, ஒரு சொல்லையும் குறைக்காமல் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பார்த்தாயா? கடலுக்குப் போயிருந்தால் அந்தத் தாய்க்கு இப்படி ஒரு படம் கிடைத்திருக்குமா?” என்று கேட்டார்.

கிடைத்திருக்காது. அதுதான் இன்றுவரை என் வயிறு எரிவதற்குக் காரணம்.