ஆறு அங்குலத்துக்குள் வரும் மீன்

ஜனவரி மாதத்து வெயிலில், ஒக்லாந்தின் லின்ஃபீல்ட் பஸ் தரிப்பிடத்தில், முழங்கால்வரை தொங்கும் பஞ்சுக் கோட்டும் காதை மூடிய கம்பளித் தொப்பியுமாக ஒரு மனிதன் நிற்பதைக் கண்டால் பயப்படாதீர்கள். அது நான்தான். எதிரே பொஹுட்டுகாவா மரம் கடைசிச் சிவப்புப் பூக்களைக் கொட்டிக்கொண்டிருக்கும். சில்வண்டுகள் காதைக் கிழிக்கும். அரைக் காற்சட்டையோடு வெறுங்காலில் டெய்ரி என்கிற மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போகிறவர்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு மரியாதைக்காக மரத்தைப் பார்ப்பார்கள். கோட்டை ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மலர் தோய்த்துக் காயப்போடுவாள். திங்கட்கிழமை ஒரு கையில் சோற்றுப் பெட்டி, மறு கையில் குடை என்றால் கோட்டைப் போட்டுக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒருநாள் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி, சுகமில்லையா என்று கேட்டார். "இல்லை, நான் போகிற இடம் மிகவும் குளிர்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "அப்படி நினைக்காதே, எல்லாம் சரியாகிவிடும்" என்றார். நான் எந்த இடத்துக்குப் போவதாக அவர் விளங்கிக்கொண்டார் என்பது பஸ் மூன்று தரிப்பு தாண்டிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

நான் போவது மனுகாவ் பக்கம் இருக்கும் ஒரு குளிரறைக்கு. தூண்டில்காரர்களுக்கான இரையை அங்கே உறைய வைத்துப் பையில் அடைக்கிறோம். கணவாயும் சாளையும். ஊரில் நாங்கள் வாசனைத்தூள் போட்டு வாய் ஊறச் சமைத்ததை இந்த ஊரில் மீனுக்குப் போடுகிறார்கள். இங்கே மீன்கள் எங்களைவிட நன்றாகச் சாப்பிடுகின்றன என்று மலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஊரில் நான் நில அளவைக் கந்தோரில் படவரைஞன். மயிரிழை பிசகாமல் எல்லைக்கோடு கீறிய அதே கை, இப்போது பிளாஸ்டிக் பைகளுக்கு வாய் ஒட்டுகிறது. வெளியே கோடை, உள்ளே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. நடுவில் ஒரு தடித்த கதவு. அந்தக் கதவில் நான் எப்போதும் ஒரு கணம் தயங்கி நிற்பேன். உடம்புக்கு நாட்டை மாற்ற ஒரு விநாடி வேண்டாமா? மேற்பார்வையாளர் கெவினுக்கு அது பொறுக்காது. "உள்ளேயா வெளியேயா, மேட்? ஒன்றைத் தீர்மானி, குளிர் ஓடுது!" என்று ஒவ்வொரு நாளும் கத்துவார்.

புதுவருடம் பிறந்த கையோடு கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மலரின் அண்ணன், என் மச்சான் தியாகராசா எழுதியிருந்தார். நாலு வருடத்தில் அவர் எழுதிய முதற் கடிதம். அதுவும் தங்கச்சிக்கு அல்ல, எனக்கு.

நாலு வருடத்துக்கு முன்பு எங்களைக் கனடாவுக்கு எடுப்பதற்கு அவர் பத்திரங்கள் நிரப்பி, தன் வீட்டு நிலக்கீழ் அறையில் இரண்டு கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தார். அதற்குள் நியூசிலாந்து விசா முந்திக்கொண்டது. கொழும்பு விடுதி அறையில் இன்னொரு வருடம் காத்திருக்கப் பயந்து நாங்கள் இங்கே ஏறிவிட்டோம். தொலைபேசியில் சொன்னபோது அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்: "உலகப்படத்திலை இடம் காணாமல் மூலையிலை ஒட்டிவிட்ட நாட்டுக்கே போறீர், படம் கீறுற மனுசன்?" பிறகு வைத்துவிட்டார். மலர் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாழ்த்து அனுப்புவாள். பதில் வராது. அண்ணியின் கடிதத்தின் அடியில் 'இவர் சுகம்' என்ற இரண்டு சொல் மட்டும் வரும். மலர் அந்த இரண்டு சொல்லைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பாள்.

இப்போது வந்த கடிதம் அரசாங்க அறிவித்தல் போல இருந்தது. தொழிற்சாலையில் தன்னோடு நிற்பவர்கள் சனிக்கிழமைகளில் உறைந்த குளத்தில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பதாகவும், தன்னையும் அழைப்பதாகவும், ஐஸைக் குடையும் கை ஓகரை அவரவரே வாங்க வேண்டுமெனவும் எழுதியிருந்தார். தச்சர் வைத்திருக்கும் துறப்பணத்தை இடுப்புயரத்துக்கு வளர்த்துவிட்டது போன்ற சாமான் அது. 'ஆறு, எட்டு, பத்து அங்குல அகலங்களில் உண்டு. நீர் மீன்பிடித் துறையில் தொழில்நுட்ப உத்தியோகம் பார்ப்பதாக அறிந்தபடியால், எது உகந்ததென அறியத்தரவும்.'

தொழில்நுட்ப உத்தியோகம். அது நான் ஒரு வாழ்த்து அட்டையில் அவிழ்த்துவிட்ட புளுகு.

"எனக்கென்னப்பா தெரியும்? நான் பைக்கு வாய் ஒட்டுறவன்" என்றேன்.

"அப்ப ஏன் தொழில்நுட்பம் எண்டு எழுதினனீங்கள்?"

"ஒட்டுற மிசினிலை சூடு கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒண்டு இருக்கு. அது தொழில்நுட்பம்தானே?"

மலர் சிரிக்கவில்லை. "இஞ்சை பாருங்கோ. கனடாவிலை ஓகர் விக்கிற கடைக்காரனுக்கு வாய் இல்லையோ? அவனிட்டைக் கேக்காமல் ஏன் அண்ணை உலகத்தின்ரை மற்றப் பக்கத்திலை கேக்கிறார்? உங்கடை பகிடியை இதிலை மட்டும் விடாதேங்கோ. பிழையாச் சொன்னீங்கள் எண்டால் இன்னும் நாலு வருசம்."

அன்றிலிருந்து பஸ் ஜன்னலில் எனக்குக் கனடா தெரியத் தொடங்கியது. மனுகாவ் துறைமுகத்துத் தண்ணீர் மெல்ல வெளுக்கும். படகுகள் அசைவதை விட்டுவிடும். நடுவில் ஒரு மடிப்புக் கதிரையில் என் மச்சான், என் கோட்டைப் போலவே ஒரு கோட்டோடு, வெள்ளைத் தாளில் விழுந்த மைப்புள்ளி மாதிரி இருப்பார். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். படவரைஞனுக்கு வட்டத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? ஆறைத் தன்னால் பெருக்கினால் முப்பத்தாறு. எட்டை அப்படிப் பெருக்கினால் அறுபத்துநாலு. பத்தை என்றால் நூறு. அகலம் கொஞ்சம் கூடுகிறது, குடைய வேண்டிய ஐஸோ ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இந்தக் கனவில் இரண்டுமுறை இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன்.

ஆனால் கடதாசிக் கணக்கை மச்சானுக்கு அனுப்பினால் படம் கீறுற மனுசன் என்று மறுபடியும் ஆரம்பிப்பார். செய்து பார்த்துச் சொல்ல வேண்டும். கெவினிடம் போனேன்.

"ஐஸில் ஓட்டை போட ஒரு ஓகர் வேண்டும்."

"எதுக்கு?"

"மீன் பிடிக்க."

கெவின் என்னைப் பார்த்தார். கூரைவரை அடுக்கியிருந்த உறைந்த சாளைப் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு என் தோளில் கைவைத்து, மிகவும் கனிவாக, "மேட், இதுகள் எல்லாம் ஏற்கெனவே பிடிபட்டதுகள்" என்றார்.

விளக்கிச் சொல்ல ஒரு தேநீர் இடைவேளை முழுக்கப் போயிற்று. விளங்கியதும் மனுசன் குழந்தைப்பிள்ளை போலாகிவிட்டார். கிளென் ஈடனில் அவர் வீட்டுக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தார். கம்பம் நடக் குழி தோண்டும் கைத்துளைப்பான் இரண்டு இருக்கிறது, ஒன்று ஆறு அங்குலம், மற்றது ஒன்பது, கொண்டுவருகிறேன் என்றார். "ஐஸ் உன் பொறுப்பு."

ஐஸுக்கு ஒரு ஆழமான பாத்திரம் வேண்டும். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. தமிழ்ச் சங்கத்துச் சாமான்கள் எல்லாம் என் கராஜில்தான் இருந்தன. ஏனென்றால் கூட்டத்தில் யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டபோது எல்லோரும் குனிந்தார்கள், நான் மட்டும் தும்மினேன். அந்தச் சாமான்களுக்குள் ராசா மாதிரி இருந்தது பொங்கல் பானை. தடித்த அலுமினியம், நான் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. பொங்கல் விழா சனிக்கிழமை. அதற்கு முந்திய திங்கட்கிழமை கெவினின் வண்டியில் ஏற்றி, சாளைப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பினேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வேலை முடியும், பானையைக் கழுவி வைத்துவிடலாம் என்பது திட்டம். தண்ணீர் உறைந்தால் பெருக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் அதைப் பரீட்சைக்கு மட்டும்தான் படிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாங்கள் பார்த்தபோது பானையின் அடி கர்ப்பிணி வயிறு போல் வெளியே தள்ளியிருந்தது. இனிப் பேசிப் பயனில்லை. முற்றத்து வெயிலில் இறக்கி, முதலில் ஒன்பது அங்குலத்தை ஐஸில் ஊன்றிச் சுழற்றினேன். துளைப்பான் சுழலவில்லை, பானை சுழன்றது. தள்ளிய அடியில் பம்பரம் போல அது சுழல, கைப்பிடியை விட மனமில்லாமல் நானும் சுழன்றேன். கெவின் பானையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக் கட்டிப்பிடித்தார். அரைமணி நேரம் சுழற்றியும் ஒன்பது அங்குலம் ஐஸின் தோலைத்தான் சுரண்டியது. மண்ணுக்குச் செய்த பல் ஐஸைக் கடிக்க மாட்டேன் என்றது. ஆறு அங்குலத்தை எடுத்தேன். அதே பல்தான், ஆனாலும் மெல்ல மெல்ல நாலு விரல் ஆழம் இறங்கிற்று. வெண்மாவாக ஐஸ்தூள் மேலே வந்து, வெயில் பட்டதும் காணாமற் போனது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் நீலமாக எதுவோ இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அதற்குள் பார்த்தோம். என்ன தெரியும் என்று நினைத்தோமோ தெரியாது.

பிறகுதான் நான் பெரிய மனுசனாக, "விடு, நான் தூக்குகிறேன்" என்று பானையைத் தனியே வண்டியில் ஏற்றப் போனேன். வலது தோளுக்குள் ஏதோ கிளுக்கென்றது.

அன்று பின்னேரம் மலர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை நிறுத்தினாள். "அண்ணைக்கும் இந்தத் தோள்தான்."

எனக்கும் அதே கணம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் கலியாணத்தன்று, சமையல்காரர் இரண்டு பேர் தடி போட்டுத் தூக்கவேண்டிய சோற்றுக் கிடாரத்தை, "தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு நான் தூக்காமல் ஆர் தூக்கிறது?" என்று மச்சான் தனியாகத் தூக்கினார். தோள் கழன்றது. பரியாரியார் வந்து பொருத்தினார். பந்தி முழுக்க வலது கையை இடது கையால் தாங்கி நின்று வரவேற்றது கலியாண அல்பத்தில் எல்லாப் படத்திலும் இருக்கிறது.

"குளிருக்கு அது இன்னும் மோசமாம். காரின்ரை ஸ்டியரிங்கே ஒரு கையாலைதான் எண்டு அண்ணி எழுதினவா" என்றாள் மலர். பிறகு மெதுவாக, "அவர் பத்தைத்தான் வாங்குவார். உங்களுக்குத் தெரியும்தானே அவரை."

தெரியும். தோளைப் பற்றி ஒரு சொல் எழுதினால் வீம்புக்கே பத்து வாங்குவார். எழுதாமல் ஆறு என்று மட்டும் சொன்னால், என்னைச் சின்ன ஆளாக நினைத்துவிட்டான் என்று அதற்கும் பத்து வாங்குவார்.

சனிக்கிழமை விடிந்தபோதும் பானைக்குள் ஒரு ஐஸ் கட்டி, நடுவில் குழியோடு மிதந்தது. வெந்நீர் ஊற்றிக் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அடி தள்ளிய பானை அடுப்பில் சரிந்து நின்றது. பால் பொங்கியபோது சரிந்த பக்கமாக, அதாவது நேர் கிழக்கே, அருவி மாதிரி வழிந்தது. இப்படி ஒரு சகுனத்தை ஒக்லாந்து கண்டதில்லை என்று எல்லோரும் பூரித்தார்கள். நான் வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் கும்பிட்டேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, இடது கையால், கோழி கிண்டியது போன்ற எழுத்தில் மச்சானுக்கு எழுதினேன். 'நான் தொழில்நுட்ப உத்தியோகத்தன் இல்லை. இரை அடைக்கும் பைக்கு வாய் ஒட்டுகிறவன். ஆனாலும் நீங்கள் கேட்டபடியால் செய்து பார்த்தேன். ஒன்பது அங்குலம் இறங்கவில்லை, ஆறு இறங்கியது. சங்கத்துப் பானை போய்விட்டது, என் வலது தோளும் போய்விட்டது. உங்கள் தோள் என் கலியாணத்தில் போனது, என் தோள் உங்கள் ஓகரில் போயிருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் தெரியும். ஆறை வாங்குங்கள் மச்சான். அதற்குள் வராத மீன் அங்கேயே இருக்கட்டும்.' கீழே மலர் இரண்டே சொல் எழுதினாள்: 'நாங்கள் சுகம்.'

பெப்ரவரி போயிற்று. தபால்காரர் வேறு எல்லாம் கொண்டுவந்தார். மலர் கேட்கவில்லை. நான் பகிடி விடவில்லை. வீட்டில் அது எவ்வளவு பெரிய மௌனம் என்பது என்னோடு ஒருநாள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மார்ச் கடைசியில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை, ஒரு கசெற். மலர் அதை ரேப்ரெக்கோடரில் போட்டுவிட்டுக் கதிரையில் இருக்காமல் நின்றாள். முதலில் காற்று. நெடுநேரம் காற்று. பிறகு கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம். நடுவில் மூச்சிரைப்பு. கடைசியில் தண்ணீர் மேலே வந்து தளும்பும் ஓசை. அதன் பின் அந்தக் குரல்.

"கேக்குதே? இதுதான் ஐஸ். ஆறுதான் வாங்கினனான். கடைக்காரன் எட்டு எண்டு நிண்டவன். நியூசிலாந்திலை எங்கடை ஆள் பானையிலை சோதிச்சவர், நீ பேசாமல் இரு எண்டனான். போன கிழமை ஒரு மீன், பெரிய சாமான் காணும். தலை மட்டும் ஓட்டைக்குள்ளாலை வந்திட்டுது, உடம்பு இறுகிப்போச்சு. மேலையும் வராது, கீழையும் போகாது. வாயைத் திறந்துகொண்டு என்னைப் பாக்குது. பாத்தால் அச்சொட்டா உம்மடை முகம். சிரிச்ச சிரிப்பிலை தோள் நோவு தெரியேல்லை. கையுறையைக் கழட்டிப்போட்டு, தூண்டிலைக் கழட்டி, உள்ளங்கையாலை மெல்லமாத் தள்ளி விட்டிட்டன். போயிட்டுது." கொஞ்ச நேரம் காற்று. "மலர்க்குஞ்சு, அந்த இரண்டு கட்டிலும் இன்னும் கீழைதான் கிடக்கு. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோவன்."

மலர் கசெற்றைச் சுழற்றி மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.

அடுத்த நாள் அதைக் கோட்டுப் பைக்குள் ஒரு வாக்மனில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். குளிரறைக் கதவைத் திறந்தேன். முகத்தில் கனடா அடித்தது. முதுகில் ஒக்லாந்து வெயில். ஒரு காதில் என் மச்சான் ஐஸ் குடைந்துகொண்டிருந்தார், மற்றக் காதில் கடைசிச் சில்வண்டுகள். தலை உள்ளே, குதிக்கால் வெளியே. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன் போலிருக்கிறது.

"உள்ளேயா வெளியேயா, மேட்?" கெவின் கத்தினார். "ஒன்றைத் தீர்மானி!"

கசெற்றில் தண்ணீர் தளும்பும் இடம் இன்னும் வரவில்லை. ஒரு நிமிடம் என்று கையைக் காட்டினேன்.