பலகை இருக்கிற பக்கம்

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பெயர்ப்பலகை வெந்து தயாராகிவிட்டது. வேக வைத்தவள் நான்தான். உலகத்தில் யாராவது கட்டாத வீட்டுக்குப் பலகை செய்வார்களா? எங்கள் சபை செய்தது.

சுனாமி வந்து சில வருஷம் கழித்து, ஒரு கார்த்திகையில் பெரிய புயல் அடித்தது. விருத்தாசலத்தில் எங்களுக்கு மழையோடு போயிற்று. சூளைக்குள் தண்ணீர் புகுந்து கொஞ்ச நாள் வேலை இல்லை, அவ்வளவுதான். கடற்கரைக் குப்பங்களில் கூரை, சுவர் ஒன்றும் மிஞ்சவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் கண்ணீர் விட்டு ஜெபித்தார். உடனே சபைச் செயலாளர் எழுந்து, ஜெபித்தால் மட்டும் போதாது, நாமே போய் வீடு கட்டிக் கொடுப்போம் என்றார். எனக்குக் கூட மனசு நிறைந்துவிட்டது. கையைத் தூக்கிய முதல் ஆள் நான்.

செயலாளர்தான் நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனிக்கு முதலாளி. கோயிலில் எல்லோரும் அவரைப் பிரதர் என்பார்கள். நான் மட்டும் அங்கேயும் மொதலாளி என்றுதான் கூப்பிடுவேன். அடுத்த நாளே என்னைக் கூப்பிட்டு, கட்டப்போகிற இரண்டு குப்பத்துக்கும் சேர்த்து வீட்டுக்கு ஒன்று என்று பீங்கான் பலகை செய்யச் சொன்னார். ஒரு முழ அகலம். நடுவில் சிலுவை, கீழே ‘விருத்தாசலம் சபையார் ஆண்டவர் நாமத்தில் கட்டிக் கொடுத்த இல்லம்’ என்று நீல எழுத்து. எழுதி, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சில் தோய்த்து, சூளையில் ஏற்றினேன். வெயில், மழை, உப்புக் காற்று எது பட்டாலும் அந்த எழுத்து மங்காது. அந்த வேலையில் எனக்குப் பெருமையும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? கடைசியாகச் சூளையில் ஏற்றிய ஈட்டில் ஒரு பலகை மட்டும் விரிசல் விட்டுவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைதோறும் வேனில் போவோம். சேத்தியாத்தோப்பில் டீ குடிப்போம். வாலிபப் பிள்ளைகள் ஒரே மாதிரி பனியனும் தொப்பியும் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடுவார்கள். குப்பத்தில் இறங்கியதும் ஆளுக்கொரு கொத்துக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். செங்கலைக் கைமாற்றி விடுவோம், ஜல்லி அள்ளுவோம், தக்காளி சாதம் சாப்பிடுவோம். உண்மையாகச் சுவர் எழுப்பியது கூலிக்கு வந்த கொத்தனாரும் அந்தக் குப்பத்து ஜனங்களும்தான். எங்கள் பிள்ளைகள் எழுப்பிய ஒரு சுவரை, நாங்கள் வேன் ஏறிய பிறகு கொத்தனார் பிரித்துத் திரும்பக் கட்டினாராம். அவர் எங்களிடம் சொல்லவில்லை, குப்பத்துப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தியோடு எனக்குப் பழக்கமாயிற்று. என்னைவிட மூத்தவள், புருஷன் இல்லாதவள், அக்கா என்று கூப்பிடுவேன். கரையில் மீன் வாங்கி, கூடையில் சுமந்துபோய் உள்ளூர்களில் விற்கிறவள். புயல் அன்று பனங்கட்டை சரிந்து முட்டியில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து காலை இழுத்து இழுத்துத்தான் நடை. போட் கரைக்கு வரும்போது மற்றவர்கள் ஓடுவார்கள், இவளால் ஓட முடியாது. ஆனால் குடிசை போன இடத்தில் அவள் போட்டிருந்த தார்ப்பாய்க் கொட்டகையின் வாசல் கடலைப் பார்த்து இருந்தது. போட் தூரத்தில் தெரியும்போதே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எல்லோரும் ஓடி வரும்போது இவளும் கரையில் நிற்பாள். அதில்தான் அவள் வயிறு நனைந்தது.

நாங்கள் கட்டியதோ வரிசை வீடு. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, எல்லா வாசலும் தார் ரோட்டைப் பார்த்து. கடல் பக்கம் முழுச் சுவர், ஒரு ஜன்னல் கூடக் கிடையாது. அவள் வீடு நட்டநடுவில். கடலுக்குப் போக வேண்டும் என்றால் ரோட்டுப் பக்கம் இறங்கி, வரிசை முழுக்க நடந்து, கடைசி வீட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தக் காலோடு அவள் சுற்றி வருவதற்குள் கரையில் செதிள்தான் மிஞ்சும்.

சுவர் இடுப்பு உயரம் வந்தபோதே அவள் என்னிடம் சொன்னாள். வாசலை மாற்ற முடியாவிட்டால் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு வைக்கச் சொல்லு, பலகைக் கதவு போதும், அதைக்கூட நான் கொண்டுவருகிறேன் என்றாள். எனக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. கட்டுகிற வீட்டில் ஒரு கதவு, அதிலென்ன? நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் ரோட்டைக் காட்டினார். வீடுகளை ஜெபித்துத் திறக்கிற பிரதிஷ்டை அன்றைக்கு மெட்ராசிலிருந்து பெரியவர்கள் வருவார்கள், கார் அங்கேதான் நிற்கும் என்றார். பின்பக்கம் கதவு வைத்தால் இந்த ஜனங்கள் அதைத்தான் புழங்குவார்கள், முன்பக்கம் மீன் கூடையை அடுக்கிவிடுவார்கள், பலகையை யார் பார்ப்பார்கள்? அதோடு ஒருத்திக்கு வைத்தால் எல்லோரும் கேட்பார்களாம். கேட்டால் வைப்பதுதானே என்றேன். அவர் குரல் மாறிவிட்டது.

“பலகை எந்தப் பக்கம் இருக்குதோ அதான் வாசப்பக்கம். போயி வேலையப் பாரு.”

கம்பெனியில் சொல்கிற அதே ‘வேலையப் பாரு.’ போதகரிடம் போனேன். அவர் என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பினார். கதவு கேட்டவளுக்கு ஜெபம்!

பிரதிஷ்டை அன்று கார்கள் ரோட்டில் வந்து நின்றன. வெயிலில் பலகைகள் பளபளவென்று மின்னின. ஒவ்வொரு பலகைக்குக் கீழேயும் வீட்டுக்காரப் பெண்ணை நிற்க வைத்து, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்தார்கள். அக்கா கை கூப்பிக்கொண்டு நின்றாள். யாரோ சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். அந்நேரம் வரிசைக்குப் பின்னால் போட் சத்தம் கேட்டது. அவள் தலை திரும்பியது. போட்டோ கெட்டுப்போகிறது, இப்படிப் பாரும்மா என்று அதட்டினார்கள்.

அப்புறம் பல மாசம் அந்தப் பக்கம் நாங்கள் யாரும் போகவில்லை. அடுத்த குப்பத்தில் வேலை தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் முதலாளி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. சபை கட்டிக் கொடுத்த வீட்டை ஒருத்தி இடித்துவிட்டாள் என்றார். எனக்கு யாரென்று கேட்கவே வேண்டியதில்லை. பின்சுவரைக் கடப்பாரையால் உடைத்து வழி பண்ணிக்கொண்டாளாம். நன்றி கெட்ட ஜனம் என்றார் ஒருவர். இதற்குத்தான் இவர்களுக்குச் செய்யக் கூடாது என்றார் இன்னொருவர், வேலை நடந்தபோது ஒரு செங்கல்கூடத் தொடாதவர். கர்த்தருடைய நாமம் அந்தச் சுவரில் இனி இருக்கக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. பலகையை உடையாமல் பெயர்த்து வர ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏன் உடையாமல் என்று எனக்கு அப்போது புரியவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க அவளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசனை.

முன்கதவு உள்தாழ் போட்டிருந்தது. தட்டினேன். இரு இரு, இந்தப் பக்கம் யாரும் வர்றதில்ல, தாழு துருப்பிடிச்சிக் கெடக்குது என்று உள்ளிருந்து குரல் வந்தது. கதவு திறந்ததும் முகத்தில் காற்று அடித்தது. எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஓட்டை, ஓரமெல்லாம் கோணல்மாணல், பழைய போட் பலகையில் ஒரு கதவு. அதற்கு அப்பால் கடல். தன் கையாலேயே இடித்திருக்கிறாள், அந்தக் காலை வைத்துக்கொண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வந்த விஷயத்தைச் சொல்வதற்குள் அவள் என் பையில் உளியைப் பார்த்துவிட்டாள்.

“பலகையத் தான எடுக்க வந்த? எடுத்துக்கிட்டுப் போ தங்கச்சி. சொவத்த மட்டும் திருப்பி அடைக்காம இருக்கச் சொல்லு.”

அவள் அதற்குள் கடலில் போட் வருவதைப் பார்த்துவிட்டாள். கூடையை எடுத்தாள், போயிட்டு வரேன் என்றாள், காலை இழுத்துக்கொண்டு மணலில் இறங்கிப் போய்விட்டாள். அக்கம்பக்கத்து வீடுகளில் இன்னும் ஒருவரும் வெளியே வரவில்லை. நான் முன்பக்கம் போய், ஓரத்துச் சிமெண்டைக் கொத்திக் கொத்திப் பலகையைப் பெயர்த்தேன். ஒரு கீறல் இல்லாமல் வந்தது. நல்ல பலகை அது.

மறு சனிக்கிழமை அடுத்த குப்பத்தில் பிரதிஷ்டை. அதே வரிசை வீடு, அதே தார் ரோடு, அதே கார்கள். கடைசி வீட்டு வாசலில் நான் பெயர்த்துக் கொடுத்த பலகையைப் பதித்திருந்தார்கள். விரிசல் விட்டதற்குப் பதில் இது. அப்போதுதான் உறைத்தது. அந்தப் பலகையில் சபையின் பெயர் இருந்தது, ஆண்டவர் பெயர் இருந்தது, குடியிருக்கிறவர்கள் பெயர் இல்லை. எந்த வீட்டிலிருந்தும் கழற்றலாம், எந்த வீட்டிலும் மாட்டலாம். எழுதியது நானே, எனக்கே அது அதுவரை தெரியவில்லை. தூ என்று துப்பலாம் போல இருந்தது.

பலகைக்குக் கீழே ஓர் இளம்பெண்ணை நிற்க வைத்திருந்தார்கள். இடுப்பில் குழந்தை. ரிப்பனைப் பிடிக்கச் சொல்லி என்னை அவள் பக்கத்தில் நிறுத்தினார்கள். முதலாளி எங்களுக்கு எதிரே கை கட்டிக்கொண்டு நின்றார். போதகர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்து, பின்பக்கம் ஒரு கதவு வைக்க மாட்டாங்களாம்மா என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் கண்ணை மூடவில்லை. முதலாளியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

“ஒன் வூட்ல கடப்பாரை இருக்குதா?”