முட்டி போட்ட விமானம்

எங்கள் விமானம் எப்போதும் மண்டியிட்டே நிற்கும். புனேயில் ஆகுர்டி தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, நிக்டியில் இருக்கும் எங்கள் வீட்டின் ஷெட்டில் ஃபோமும் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் வைத்து என் கணவர் தானே கட்டியது. சின்ன இறக்கை மூக்கருகே. எஞ்சினும் மரப் புரொப்பல்லரும் பின்னால். உள்ளே ஆள் இல்லாவிட்டால் பின்பாரம் இழுத்துப் பின்பக்கம் சாய்ந்துவிடும். அதனால் முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி வைப்பார்.

சென்ற ஆயுத பூஜைக்குக் காலனிக்காரர்களை அழைத்திருந்தேன். மறுநாள் கணவர் விமானத்தை டெம்போவில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோய் எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பதாக இருந்தார்.

ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுச் சென்னைக்காரர் சுற்றிப் பார்த்தார். "இன்னா சார், முட்டி போட வெச்சிருக்கீங்க? ஹோம்வொர்க் பண்ணலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எனக்கு மட்டும் முகம் சுருங்கியது.

"ஏங்க, அதை நிமித்தி வைங்க. மூணு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெக்கோணுமல்ல."

"நிமித்துனா நான் உள்ளயே உக்காந்திருக்கோணும், அம்மிணி."

"அப்ப ஆரத்தி யாரு காட்டறது? ஒரு நிமிஷந்தானுங்க. மூக்கை நான் அமுத்திப் புடிச்சுக்கறேன்."

விருந்தினர்களைப் பார்த்தார், பிறகு முன்சக்கரத்தை இறக்கினார். நான் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு மூக்கை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டேன். அவர் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று காட்டிவிட்டு, வழக்கம்போலத் தட்டை முதலில் என்னிடம் நீட்டினார். என் இரண்டு கைகளும் தாமாகச் சுடருக்குப் போயின. கண்ணில் ஒற்றிக்கொண்டபோது மரம் முறியும் சத்தம் கேட்டது.

மூக்கு கூரையைப் பார்த்து நின்றது. பின்னால், புரொப்பல்லரின் ஓர் இதழ் தரையில் மோதி நுனியிலிருந்து பிளந்திருந்தது.

எப்படி விழுந்தது என்று எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா கேட்டார்.

"மேரி கல்தி," தன் தவறு என்றார் கணவர், என் பக்கம் திரும்பாமல். தான் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் இந்தியில் சொன்னார்.

விபத்துச் செய்தியில் 'காரணம் தெரியவில்லை' என்று யாராவது எழுதிவந்தால் திருப்பி அனுப்பும் பத்திரிகை உதவி ஆசிரியர் நான். என் தவறு என்று சொல்ல அதுதான் நேரம். சுண்டல் எடுத்துவர உள்ளே போனேன்.

திரும்பியபோது சென்னைக்காரர் தன் எடை முழுவதையும் மூக்கின் மேல் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். இப்போது கேலி இல்லை. கணவர் டெம்போக்காரரிடம் போனில் நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலே எழும்பிய முன்சக்கரத்துக்கு வைத்த பழம் மட்டும் நசுங்காமல் கிடந்தது. குனிந்து எடுத்து, யாரும் பார்க்காதபடி கைக்குள் மூடிக்கொண்டேன்.