விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

வேலூரில் தண்ணீர் சோதிக்க இரண்டு நாள் பயிற்சி, மத்தியானம் லெமன் சாதம், கடைசியில் ஒரு சர்டிபிகேட்டும் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டுகிற, பேனா மாதிரி ஒரு மீட்டரும். இவ்வளவுதான் என் தகுதி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறவள் நான். மீட்டர் கைக்கு வந்த நாளிலிருந்து என் அலட்டல் தெருவில் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கிறவர். “தண்ணிய கெடுக்கிறது நானு, பாடம் எடுக்கிறது நீயி. நல்ல குடும்பம்டி நம்மளுது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கன்வாடியில் வகுப்பு. பயிற்சியில் கொடுத்த போஸ்டரை மாட்டினேன். பனிமலை, அதிலிருந்து ஓடை, ஒரு குழந்தை கையால் அள்ளிக் குடிக்கிறது. “இது எந்த ஊரு? நம்ம பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பஸ் போவுதா?” என்றாள் ஒருத்தி. எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, டீ போட்டால் பால் திரிந்துபோகும். இவர்களிடம் போய்த் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று பாடம் நடத்தினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

“உப்பு கரிக்குதுன்னு நாக்கே சொல்லுது. மீட்டர் தண்டம்” என்றாள் இன்னொருத்தி.

“உன் நாக்கு சொல்றத ஆபீஸ்ல எழுத மாட்டாங்கமா. மீட்டர் சொல்றதத்தான் எழுதுவாங்க” என்றேன். அதற்குத்தான் இத்தனை பாடும். ஊருக்குப் புதுக் குடிநீர்க் குழாய் வருகிறது, முதலில் எந்தத் தெருவுக்கு என்று பார்க்க அடுத்த ஞாயிறு ஒரு இன்ஜினியர் வரப்போகிறார். எங்கள் தண்ணீர் மோசம் என்று அவர் எழுதிக்கொண்டு போனால் குழாய் வரும். இல்லாவிட்டால் எப்போது வருமோ, கடவுளுக்கே வெளிச்சம். “வீட்டுக்கு ஒரு பாட்டில் தண்ணி எடுத்துனு வாங்க. மீட்டர்ல எம்பது தொண்ணூறுன்னு ரெண்டு நம்பர் வந்தா நல்ல தண்ணி, ஆயிரத்தத் தாண்டி நாலு நம்பர் வந்தா வெளங்காத தண்ணி” என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஞாயிறு காலையில் பின்வீட்டுக்காரி காலி பாட்டிலோடு வந்தாள். என் கம்பெனியில்தான் பெருக்கித் துடைக்கும் வேலை. “அக்கா, விருந்தாளி வர்றாங்க. கொஞ்சம் கேன் தண்ணி ஊத்தேன்” என்றாள். ஊற்றிக் கொடுத்தேன். எனக்கு அப்போது ஆயிரம் வேலை.

சாயங்காலம் இன்ஜினியர் வந்தார். பாட்டில்கள் மேஜையில் வரிசையாக நின்றன. கர்வத்தோடு முதல் பாட்டிலில் மீட்டரை விட்டேன். இரண்டு நம்பர். அடுத்ததிலும் இரண்டு நம்பர். அதற்கடுத்ததிலும் அதே.

இன்ஜினியர் நான் போட்ட டீயை உறிஞ்சினார். “இன்னாமா, எங்க ஆபீஸ் தண்ணிய விட உங்க தண்ணி சூப்பரா இருக்கே. டீயும் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாம் கேன் தண்ணீர்! எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குப் போர் தண்ணீர் வைத்தால் அது அவமரியாதை. ஆபீசர் பார்க்கப்போகிற தண்ணீரும் அதே கணக்குதான் என்று தெருவே முடிவு பண்ணியிருக்கிறது.

“அடிப்பாவிங்களா! சீராட்டி அனுப்பறதுக்கு இவரு இன்னா மாப்ளயா? கேன் தண்ணிய டெஸ்ட் பண்றதுக்கா ஒரு வாரமா தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன்?” என்று கத்தினேன்.

“நீ மட்டும் டீய எந்தத் தண்ணில போட்ட?” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

கேன் தண்ணீரில்தான். கை தானாகக் கேன் பக்கம்தான் போயிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“எல்லாரும் கேன்தான் வாங்கறீங்கன்னா, குழாய் இல்லாத கஷ்டம் யாருக்குமா?” என்று கேட்டுக்கொண்டே இன்ஜினியர் எழுந்தார்.

பின்வீட்டுக்காரி எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். மீட்டரை விட்டேன். நாலு நம்பர்.

“இத எதுக்குமா வெச்சிருக்க? துணி தொவைக்கவா?” என்று கேட்டார் இன்ஜினியர்.

“குடிக்க சார்” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. “எங்க வீட்ல கேன் கெடையாது. பசங்களும் இதத்தான் குடிக்குதுங்க.”

ஆறு வருஷமாக என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறவள். தெருவுக்கே மீட்டரை ஆட்டிக் காட்டிய நான், நீ என்ன தண்ணீர் குடிக்கிறாய் என்று இவளை ஒரு நாள் கேட்டதில்லை. நாலு பேருக்கு எதிரே அதைச் சொல்ல வேண்டாமென்றுதான் காலையில் பாட்டிலோடு வந்திருக்கிறாள். நானே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இன்ஜினியர் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அவள் வீட்டுக் கதவு எண்ணைக் கேட்டு எழுதினார். “மத்தவங்களும் போயி போர் தண்ணி எடுத்துனு வாங்க. இருக்கேன்” என்றார். தெருவே எழுந்து ஓடியது.

நான் மட்டும் நின்றிருந்தேன். அவள் மேஜையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“இந்தாக்கா உன் தண்ணி. நான் குடிக்கல, அப்படியே இருக்கு.”

வாங்கிக்கொண்டேன். வேண்டாம், பசங்களுக்கு எடுத்துப் போ என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.