மூச்சுக்குத் தனி அறை

பாக்யலட்சுமி வீட்டுக்கும் காத்தவராயன் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரை வரை எழும்பாத சுவர். நந்திதுர்க் லைனில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டிய புண்ணியவான்கள் செங்கல்லில் மிச்சம் பிடித்திருந்தார்கள். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அந்தப் பக்கம் காத்தவராயன் இருமினால் இந்தப் பக்கம் பாக்யா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டு, அந்தத் தூசியை எல்லாம் நெஞ்சில் வாங்கிக்கொண்ட மனுஷன். விடிகாலை நாலரைக்கு ஆரம்பிக்கும் அந்த இருமல்தான் அவளுக்கு அலாரம். வேறு கடிகாரம் அவள் வாங்கியதே இல்லை. எழுந்து, குளித்து, டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டு பெங்களூர் ரயிலுக்கு ஓடுவாள்.

ஓர் அறை, ஒரு தாழ்வாரம், அதில் எட்டுப் பேர். அப்படி வளர்ந்தவள் பாக்யா. அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் தனியாக ஓர் இடம் கிடையாது. அரிசி டின்மேல் பாடப் புத்தகம், புத்தகத்துக்கு மேல் அப்பாவின் சுரங்கத் தொப்பி, தொப்பிக்குள் தம்பியின் பம்பரம். இருக்கும் இடத்தில் எதையும் நுழைத்துவிடுவாள். டிப்ளமா முடித்து, பெங்களூரில் ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தபோதும் அந்தக் கெட்டிக்காரத்தனம் கூடவே போனது. அங்கே அவளுக்குக் கெர்னல் வேலை. கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து, யாருக்கு எவ்வளவு மெமரி, எந்த இடத்தில் என்று பங்கு வைத்துக் கொடுக்கிறதே, அந்த நிரல்தான் கெர்னல். "பாக்யா எழுதினா ஒரு பைட் கூட வேஸ்ட் ஆகாது" என்று அவளுடைய மேலாளர் மனோகர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளுக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது. அந்தப் பெருமையே பின்னால் காலை வாரிவிடும் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில், கம்பெனி செய்த புதுக் கருவி ஒன்று சோதனைக்காக ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தது. குழாயில் பலமாக ஊதினால் நுரையீரல் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று காட்டும் பெட்டி. அங்கே டாக்டர் டக்ளஸ் நெஞ்சு நோய்க்கு இலவச வைத்தியம் ஆரம்பிக்கப் போகிறார். இடம் முப்பது பேருக்குத்தான். அறுபதுக்குக் கீழே காட்டுகிறவர்களுக்கே சீட்டு. அந்த வாரம் சனிக்கிழமையோடு பட்டியல் முடிந்துவிடும். தன் ஊர் ஆட்கள் ஊதப்போகிற பெட்டிக்குள் தன் நிரல் ஓடுகிறது என்பதில் பாக்யாவுக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் ரயில் இறங்கி வீடு வந்தபோது காத்தவராயன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னாமா பாக்யா, உன் மிஷின் சொல்லிட்ச்சு பாரு! தொண்ணூத்திரெண்டாம்! இந்த நெஞ்சுல இன்னும் சரக்கு கீதுமா!"

உள்ளேயிருந்து அவர் மனைவி கங்கம்மாவின் குரல் வந்தது. "சரக்கு கீதாம் சரக்கு! அப்போ ராவெல்லாம் என்னைத் தூங்க வுடாம இருமுறது யாரு, உங்க தாத்தாவா?"

தெருவே சிரித்தது. பாக்யாவால் சிரிக்க முடியவில்லை. தொண்ணூற்றிரண்டா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்தால் மூன்று தடவை நிற்கிற மனுஷருக்கா?

"மாமா, உங்களுக்கு முன்னாடி ஊதினது யாரு?"

"நம்ம பர்னபாஸ்."

பர்னபாஸ் ஆண்டர்சன்பேட்டை சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறவர். வேலை பார்த்ததும் மேலே ஒர்க்ஷாப்பில். சுரங்கத் தூசியே படாதவர். அவர் மூச்சுக்குத் தொண்ணூற்றிரண்டு என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

மறுநாள் ஆபீசில் விஷயத்தைச் சொன்னபோது மனோகர் கையை விரித்தார். "இங்க ஆயிரம் தடவை ஊதிப் பார்த்தாச்சு, ஒரு தடவை கூடத் தப்பா வரல. அங்க இருக்கறவங்களுக்கு ஊதத் தெரியல, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி சந்தோஷம், அந்தப் பெரியவரும் சந்தோஷம். உனக்கு என்ன வந்தது?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்தப் பெரியவருக்கு நாளைக்கு மருந்து கிடைக்காது சார். அதான் வந்தது" என்றாள்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தாள். கருவியைப் பார்த்துக்கொள்ளும் சாரா, "நான் குழாயை எல்லாம் சரியா மாத்தறேன்மா, என் மேல போடாத" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பாக்யா குழாயைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கண் விரிந்தது.

முப்பது வருஷம், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜில் ஏறி இறங்கிப் பழகிய ஆட்கள். ஒருவன் வெளியே கால் வைக்கும்போதே அடுத்தவன் உள்ளே கால் வைத்துவிட வேண்டும். தயங்கி நின்றால் பின்னால் இருக்கிற கேங் முழுக்கத் திட்டும். சுரங்கம் மூடியும் அந்தப் பழக்கம் மூடவில்லை. ஒருவர் ஊதி முடித்து வாயை எடுப்பதற்குள் சாரா புதுக் குழாயை மாட்ட, அடுத்தவர் ஊத ஆரம்பித்துவிட்டார். நடுவே மூச்சுவிட இடைவெளி இல்லை. பெங்களூர் ஆபீசில் எப்படி? ஒருவர் ஊதுவார், நோட்டில் எழுதுவார், டீ குடிப்பார், அரட்டை அடிப்பார், பிறகுதான் அடுத்தவர்.

பாக்யா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இந்த வித்தியாசம் போதும், கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. விஷயம் இதுதான். பிராசஸர் ஒவ்வொரு தடவையும் மெமரி வரை போய்ப் படிப்பதில்லை. ஒருமுறை படித்ததைக் கேஷ் என்ற சின்ன இடத்தில் நகலெடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும். ஊதுகிற மூச்சை அளந்து தரும் கார்டோ பிராசஸரைக் கேட்காமல் நேரே மெமரியில் எழுதிவிடும். ஆபீஸ் பி.சி.யில் மெமரி மாறியது தெரிந்ததும் நகல் தானாகவே செல்லாததாகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் இந்தச் சின்னப் போர்டில் அந்த ஏற்பாடு கிடையாது. மெமரியில் புது மூச்சு, நகலில் பழைய மூச்சு. இடைவெளி இருந்தால் வேறு வேலைகள் வந்து பழைய நகலைத் தள்ளிவிடும். இங்கே இடைவெளி ஏது? பர்னபாஸின் மூச்சு அப்படியே உட்கார்ந்திருந்தது, காத்தவராயன் பெயரில்.

வியாழக்கிழமை ஆபீசுக்கு ஓடினாள். படிக்கும் முன் பழைய நகலைத் தூக்கி எறி என்று நாலு வரி சேர்த்தாள். நாலு பேரை வரிசையில் நிறுத்தி, கேஜில் ஏறுகிற மாதிரி இடைவெளி விடாமல் ஊதச் சொன்னாள். மூன்று தடவை சரி. நாலாவது தடவை ஆரம்பம் மட்டும் தப்பு! ஊதியவரின் முதல் துளி மூச்சு மட்டும் முந்தினவருடையது. ஊதுகிற வேகமே அந்த முதல் துளியில்தானே இருக்கிறது! மனோகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குள்ள முடியலன்னா விடு பாக்யா, வெளியில இருந்து ரெடிமேட் கார்டு வாங்கிக்கலாம். ரெண்டு மாசத்துல வந்துடும்" என்றார். இரண்டு மாசம்! சனிக்கிழமைக்கு இரண்டு நாள்கூட இல்லை.

அன்று திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கதவோரம் நின்றபடியே நிரலின் பிரிண்ட் அவுட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். மூன்று பேர் சீட்டில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்து, ஓரத்தில் இருந்தவர் அசைந்தபோதெல்லாம் மொத்தப் பெஞ்சும் அசைந்தது. பங்காருப்பேட்டை தாண்டும்போது ஒரு வரியில் அவள் விரல் நின்றது. எத்தனை பேர் ஊதினார்கள் என்ற எண்ணிக்கைக்கு அவள் தனி இடம் கேட்கவே இல்லை. மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, மூச்சு வந்து விழுகிற இடத்தை ஒட்டியே அதையும் நுழைத்து வைத்திருந்தாள். கேஷ் ஒவ்வொரு பைட்டாக எடுத்து வைக்காது. பக்கத்தில் இருக்கிற முப்பத்திரண்டு பைட்டையும் ஒரே கட்டாகத்தான் எடுக்கும், ஒரே கட்டாகத்தான் திரும்ப எழுதும். எண்ணிக்கை ஒன்று கூடினதும் பிராசஸர் அந்தக் கட்டைத் திரும்ப எழுதும். அதோடு ஒட்டிக்கொண்டு பழைய மூச்சின் ஆரம்பமும் போய்ப் புது மூச்சின் தலைமேல் உட்காரும்.

கார்டில் தப்பில்லை, ஊதினவர்கள்மேல் தப்பில்லை. ஒரு பைட்டைக்கூட வீணாக்காத பாக்யலட்சுமியின் கைவேலை! அவளுக்கு அவமானத்தில் முகம் சுட்டது. எட்டுப் பேரை ஓர் அறையில் படுக்க வைத்த புத்தி, மூச்சையும் விட்டுவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக மனோகரிடம் போய், "தப்பு என்னுது சார்" என்றாள். அவர், "எவ்வளவு நேரம் வேணும்?" என்று மட்டும் கேட்டார். மூச்சு விழுகிற இடத்தைத் தனியாக ஒதுக்கினாள். கட்டின் ஆரம்பத்தில் தொடங்கி, கட்டின் முடிவில் முடிகிற இடம். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. அந்த இடத்தை நகலெடுக்கவே கூடாது, எப்போதும் நேரே மெமரிக்கே போய்ப் படி என்று கெர்னலுக்கு உத்தரவு. கொஞ்சம் மெமரி வீண்தான். போகட்டும்! மத்தியானத்துக்குள் இருநூறு தடவை ஊத வைத்துவிட்டாள். ஆபீஸ் பையன்களுக்கெல்லாம் தலை சுற்றியது. ஒன்றுகூடத் தப்பாக வரவில்லை.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் புது நிரலை ஏற்றிவிட்டு, காத்தவராயன் முன்னால் போய் நின்றாள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

"மாமா, அந்தத் தொண்ணூத்திரெண்டு உங்க மூச்சு இல்ல. பர்னபாஸ் அண்ணனுது."

அவர் முகம் தொங்கிவிட்டது. "அதெப்பிடிமா அவன் மூச்சு என் பேர்ல வரும்?"

"சுரங்கத்து ஷாப்ட்ல யாரு கீழ எறங்கினான்னு காட்டுற டோக்கன் போர்டு இருந்துதில்ல? ஆள் மேல வந்தும் போர்டுல மாத்தாம வுட்டா, கீழ கீறான்னுதானே அது காட்டும்? மிஷின் ஆளைப் பார்க்கல, போர்டைப் பார்த்துட்ச்சு. போர்டை அப்படி வெச்சது நான்தான். தப்பு என்னுது மாமா."

"தெருவெல்லாம் சொல்லிட்டேனே" என்றார் காத்தவராயன். அப்புறம் வரிசையைத் திரும்பிப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். "டேய் பர்னபாஸ்! முன்னாடி வந்து ஊதுடா. உன் பின்னாடியே நான் ஊதறேன். இந்தத் தபா எவன் மூச்சு எவன்கிட்ட வருதுன்னு பார்த்துடலாம்!"

பர்னபாஸ் ஊதினார். தொண்ணூற்று மூன்று. அவர் வாயை எடுக்கும் முன்பே காத்தவராயன் பக்கத்தில் வந்துவிட்டார். சாரா குழாயை மாற்றினாள். அவர் கண் பிதுங்க ஊதினார். பாக்யா பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். நல்ல மனுஷனுக்குக் கெட்ட எண் வர வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொள்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

நாற்பத்தொன்று.

கூட வந்திருந்த கங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காத்தவராயன் திரையைத் தொட்டுப் பார்த்தார். "இது என்னுதாமா? அவனுது கலக்கலியே?"

"உங்களுதுதான் மாமா. வேற யாருதும் இல்ல."

"நாப்பத்தொண்ணு" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "போவுது. என்னுதுன்னா சரி."

டாக்டர் டக்ளஸ் இருபத்தெட்டாவதாக அவர் பெயரை எழுதினார். பாறைத் தூசி போட்ட தழும்பு போகாது, ஆனால் சுருங்கிப்போன மூச்சுக்குழாயைத் திறக்க மருந்து இருக்கிறது, ராத்திரி தூக்கமாவது வரும் என்றார். திங்களிலிருந்து ஊதின மற்ற எல்லாரையும் திரும்ப ஊத வைத்தார்கள். இன்னும் இரண்டு பேர் அறுபதுக்குக் கீழே வந்தார்கள். பட்டியல் முப்பதில் நிறைந்தது.

ஆறு வாரம் போயிருக்கும். ஒரு நாள் பாக்யா கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. வெயிலா! பதறி எழுந்தாள். ரயில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இருமல் சத்தம் வரவில்லை. ஏன் வரவில்லை? தலையைக்கூட வாராமல் பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டினாள்.

கங்கம்மா கதவைத் திறந்து உதட்டின்மேல் விரலை வைத்தாள். "சும்னே இரு. தூங்கறாரு. எழுப்பிப்புடாத."

காத்தவராயன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். போர்வை சீராக மேலே ஏறி இறங்கியது. பாக்யா வாசற்படியில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ராபர்ட்சன்பேட்டை பஜாருக்கு நடந்து போய் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி வந்தாள்.